வலிப்பும் வாசனையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வலிப்பு உள்ளவர்களும் அவர்கள் வீட்டாரும் கூடும் இடங்களில் ஆராய்ச்சிச் செய்திகளைத் தமிழில் எடுத்துச் சொல்லப் போவேன். எந்தத் தலைப்பில் ஆரம்பித்தாலும் பேச்சு கடைசியில் மூக்கில் வந்து நிற்கும். கேட்கிறவர்கள் பெரும்பாலும் மூன்று தனித்தனி விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். இல்லாத வாசனை வருவது ஒன்று. இருக்கிற வாசனையைக் கண்டுபிடிக்கும் திறன் இன்னொன்று. வாசனையால் வலிப்பு வருமா, நிற்குமா என்பது மூன்றாவது. இந்த மூன்றையும் பிரித்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். நான் டாக்டர் இல்லை. இதைப் படித்துவிட்டு மாத்திரையில் கை வைக்க வேண்டாம்.

வலிப்பு மூளையில வர்றது. அதுக்கும் மூக்குக்கும் என்ன சம்பந்தம்?

கண்ணும் காதும் அனுப்பும் செய்திகள் தலாமஸ் என்ற இடைநிலையத்தில் நின்றுதான் மூளையின் மேற்பரப்புக்குப் போகும். வாசனைக்கு அந்த நிறுத்தம் கிடையாது. மூக்கின் உச்சியில் உள்ள நரம்புகள் அதற்கு நேர் மேலே இருக்கும் ஆல்ஃபேக்டரி பல்ப் என்ற சின்னக் குமிழுக்குப் போகின்றன. அங்கிருந்து நேராகப் பிரிஃபார்ம் கார்டெக்ஸ், அமிக்டலா என்ற பகுதிகளுக்கு. இவை இருப்பது காதுக்கு உள்பக்கமாக இருக்கும் டெம்போரல் லோப் என்ற மூளைப் பகுதியின் உட்பக்கம், நினைவுக்குப் பொறுப்பான ஹிப்போகாம்பஸை ஒட்டி.

பெரியவர்களுக்கு வரும் வலிப்பில், மூளையின் ஒரு இடத்தில் தொடங்கும் வகைகளில் அதிகம் காணப்படுவது இந்த டெம்போரல் லோப் வலிப்புதான். வலிப்பு கிளம்பும் இடமும் வாசனை போய்ச் சேரும் இடமும் பக்கத்துப் பக்கத்து வீடு. சம்பந்தம் அவ்வளவுதான்.

எனக்கு ஃபிட்ஸ் வர்றதுக்கு முன்னாடி ரப்பர் எரியிற நாத்தம் வருது. பக்கத்துல இருக்கிறவங்களுக்கு ஒண்ணும் தெரியல. நானா கற்பனை பண்ணிக்கிறேனா?

இல்லை. டாக்டர்கள் இதை ஆரா என்பார்கள். ஃபிட்ஸுக்கு 'முன்னால்' வருவதாகத் தோன்றினாலும், அதுவே ஃபிட்ஸின் ஆரம்பம். ஃபிட்ஸ் என்பது மூளையில் எழும் மின்னதிர்வு. அது வாசனைப் பகுதிக்குள் மட்டும் இருக்கும்போது நாற்றம் தெரிகிறது, சுயநினைவும் இருக்கிறது. அது பரவினால் நினைவு தப்புகிறது. பரவாமல் அங்கேயே அடங்கிவிட்டால் அன்றைக்கு நாற்றத்தோடு முடிந்துவிடும். அதுவும் ஒரு ஃபிட்ஸ்தான், டைரியில் எழுத வேண்டியதுதான். 'சும்மா நாத்தம் மட்டும் வந்துச்சு' என்று பலர் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மாத்திரை அளவை முடிவு செய்கிற டாக்டருக்கு இது தெரிந்தாக வேண்டும்.

இதை முதலில் முறையாக எழுதிவைத்தவர் லண்டன் நரம்பியல் மருத்துவர் ஜான் ஹ்யூலிங்ஸ் ஜாக்சன். 1880களின் இறுதியில், சார்லஸ் பீவருடன் சேர்ந்து, சமையல் வேலை பார்த்த ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார். அந்தப் பெண்ணுக்குத் திடீர் திடீரென்று சகிக்க முடியாத ஒரு நாற்றம் வரும். கூடவே, சமைத்துக்கொண்டே இருக்கும் ஒரு சின்னப் பெண்மணியின் உருவமும் கண்முன் தோன்றும். அவர் இறந்தபின் மூளையைப் பார்த்தபோது வலது டெம்போரல் லோபில் கட்டி இருந்தது. அந்தப் பகுதியில் கொக்கி போல வளைந்த அன்கஸ் என்ற மடிப்பு இருப்பதால், இந்த வகைக்கு ஜாக்சன் 'அன்சினேட் ஃபிட்ஸ்' என்று பெயர் வைத்தார். பழைய டாக்டர்கள் எழுதிய சீட்டுகளில் இந்தப் பெயரை இன்றும் பார்க்கலாம்.

எப்பவும் கெட்ட நாத்தம்தான் வருமா? எங்க அக்காவுக்கு ஏதோ பூ வாசனைன்னு சொல்றா.

அதிகம் சொல்லப்படுவது கெட்ட நாற்றம்தான்: தீய்ந்த வாடை, கந்தகம், அழுகல், 'என்னன்னு சொல்லத் தெரியல, ஆனா குமட்டுது' என்பது. ஆனால் நல்ல வாசனை வருபவர்களும் இருக்கிறார்கள். நெற்றிக்குப் பின்னால், கண்குழிக்கு மேலே உள்ள ஆர்பிட்டோஃப்ரண்டல் பகுதியில் மெல்லிய மின்சாரம் கொடுத்தபோது இனிய வாசனை வந்ததாகச் சொன்ன நோயாளிகள் உண்டு. அதனால் பூ வாசனை என்று சொன்னால் அக்காவைச் சந்தேகப்பட வேண்டாம்.

என்ன வாசனை என்பதைவிட முக்கியமானது, ஒவ்வொரு முறையும் அதே வாசனைதானா என்பது. ஃபிட்ஸ் அச்சடித்தாற்போல் ஒரே மாதிரி வரும். இன்றைக்குப் பெட்ரோல், நாளைக்குச் சாம்பிராணி, அடுத்த வாரம் மீன் என்று மாறிக்கொண்டே இருந்தால் வேறு காரணம் தேட வேண்டும்.

இது எத்தனை பேருக்கு வரும்?

ஆய்வுக்கு ஆய்வு எண்ணிக்கை மாறுகிறது. நூற்றில் ஒருவருக்கும் குறைவு என்பது முதல் நூற்றில் பதினாறு பேர் வரை சொல்லியிருக்கிறார்கள். எந்த வகை நோயாளிகளை எண்ணினார்கள், தானாகச் சொன்னதை மட்டும் எடுத்தார்களா, கேட்டு வாங்கினார்களா என்பதைப் பொறுத்து இந்த வித்தியாசம். எப்படிப் பார்த்தாலும் அரிதுதான். வயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறுகிற உணர்வு, 'இது ஏற்கெனவே நடந்த மாதிரி இருக்கே' என்ற மயக்கம், காரணமில்லாத பயம், இவையெல்லாம் டெம்போரல் லோப் ஆராவில் வாசனையைவிட அதிகம்.

இல்லாத நாத்தம் வந்தா மூளையில கட்டின்னு அர்த்தமா? நெட்ல அப்படித்தான் போட்டிருக்கு.

நெட்டில் எல்லாவற்றுக்கும் கட்டி என்றுதான் போட்டிருக்கும். இந்த பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. ஜாக்சனின் சமையல்காரப் பெண்ணை மேலே பார்த்தோம். இன்னொருவர் அமெரிக்க இசையமைப்பாளர் ஜார்ஜ் கெர்ஷ்வின். 1937 தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸில் மேடையில் பியானோ வாசித்துக்கொண்டிருந்தபோது சில நொடி தடுமாறினார். ரப்பர் எரியும் நாற்றம் வந்ததாகச் சொன்னார். மன அழுத்தம் என்று பலரும் நினைத்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் மூளைக் கட்டியால் 38 வயதில் இறந்தார்.

வாசனை ஆரா உள்ளவர்களில் கட்டி காரணமாக இருப்பது மற்ற ஆராக்களைவிடக் கொஞ்சம் கூடுதல் என்று சில ஆய்வுகள் சொன்னதும் உண்மைதான். ஆனால் ஹிப்போகாம்பஸ் சுருங்கித் தழும்பாவது, பழைய அடி, பிறவியிலேயே இருக்கும் சிறு கோளாறு என்று காரணங்கள் பல. இதற்கெல்லாம் பதில் ஒரு எம்ஆர்ஐ. புதிதாக இப்படி நாற்றம் வர ஆரம்பித்தால் எம்ஆர்ஐ எடுக்காமல் விடக்கூடாது. எடுத்து ஒன்றுமில்லை என்று வந்துவிட்டால் கெர்ஷ்வினை மறந்துவிடலாம்.

கொரோனா வந்ததுலேர்ந்து காபி குடிச்சா சாக்கடை நாத்தம் அடிக்குது. இதுவும் ஃபிட்ஸா?

பெரும்பாலும் இல்லை. காபி என்ற நிஜமான வாசனை எதிரே இருக்கிறது, அது மாறித் தெரிகிறது. வைரஸ் தாக்கிய மூக்கு நரம்புகள் திரும்ப வளரும்போது இப்படி நடக்கும். ஃபிட்ஸ் நாற்றம் எதிரே ஒன்றும் இல்லாதபோது வரும், சில நொடியிலிருந்து ஒன்றிரண்டு நிமிடத்தில் போய்விடும், திரும்ப அப்படியே வரும். மணிக்கணக்கில், நாள்கணக்கில் மூக்கிலேயே நிற்கிற வாடைக்கு சைனஸ், பல், வைரஸ் என்று முதலில் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்க்கலாம். மைக்ரேன் தலைவலிக்கு முன்னும் சிலருக்கு இல்லாத வாசனை வரும். அது ஃபிட்ஸைவிட நீண்ட நேரம் இருக்கும், பின்னாலேயே தலைவலி வரும்.

அப்போ வலிப்பு இருக்கிறவங்களுக்கு மோப்ப சக்தி குறைஞ்சிடுமா?

இனி இரண்டாவது விஷயம். மற்ற கேள்விகளைவிட இதற்குத்தான் ஆராய்ச்சி அதிகம். மோப்பம் என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வதை ஆய்வாளர்கள் நான்காகப் பிரிக்கிறார்கள். ஏதோ வாசனை இருக்கிறது என்று தெரிவது. இரண்டு வாசனையும் வேறு வேறு என்று பிரிப்பது. இது ஏலக்காய், இது கிராம்பு என்று பெயர் சொல்வது. கொஞ்ச நேரம் முன்பு மோந்தது இதுதான் என்று நினைவு வைப்பது.

டெம்போரல் லோப் வலிப்பு உள்ளவர்களிடம் முதல் திறன் ஏறக்குறைய மற்றவர்களைப் போலவே இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. அடி வாங்குவது மற்ற மூன்றும்தான். தெருவில் ஒருவரைப் பார்க்கிறோம், முகம் நன்றாகத் தெரிகிறது, பேர் மட்டும் வரவில்லை அல்லவா, அந்த மாதிரி. 1995இல் சியோபான் வெஸ்ட்டும் ரிச்சர்ட் டோட்டியும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து எழுதினார்கள். அதற்குப் பிறகும் தொகுப்புகள் வந்திருக்கின்றன. விவரங்களில் சண்டை உண்டு, ஆனால் பொதுப் போக்கு மாறவில்லை: மூக்கு வேலை செய்கிறது, மூளை அதைப் படிப்பதில்தான் தடுமாற்றம்.

ஜெர்மனியில் தாமஸ் ஹும்மல் குழு 2013இல் எம்ஆர்ஐ மூலம் அளந்தபோது டெம்போரல் லோப் வலிப்பு உள்ளவர்களுக்கு ஆல்ஃபேக்டரி பல்பே சற்றுச் சிறியதாக இருந்தது. அதனால் 'மூக்குப் பக்கம் எல்லாமே நார்மல்' என்று அடித்துச் சொல்லவும் முடியாது.

எனக்கு அப்படி ஒண்ணும் தெரியலையே. ரசம் கொதிச்சா வாசலுக்கே தெரியுது.

தெரியாமல் இருப்பதுதான் வழக்கம். முந்தைய பதிலில் சொன்னபடி ரசம் கொதிப்பது தெரியும். அடுப்பில் இருப்பதைக் கண்ணாலும் பார்க்கிறீர்கள், மணி என்ன என்றும் தெரியும், பெயரை மூளை எப்படியும் ஊகித்துவிடும். கண்ணைக் கட்டிவிட்டு, சூழல் எதுவும் இல்லாமல், ஒரு குச்சியை நீட்டினால்தான் வித்தியாசம் வெளியே வரும்.

எப்படித்தான் அளக்கிறாங்க?

இரண்டு சோதனைகள் பிரபலம். ஒன்று பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் டோட்டி 1984இல் கொண்டுவந்தது. 40 பக்கம், பக்கத்துக்கு ஒரு பழுப்புப் பட்டை. பென்சிலால் சுரண்டி மோந்து, நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இன்னொன்று ஜெர்மனியிலிருந்து வந்த ஸ்னிஃபின் ஸ்டிக்ஸ். ஸ்கெட்ச் பேனா மாதிரி இருக்கும், மூடியைத் திறந்து மூக்குக்கு எதிரே பிடிப்பார்கள். உணர்வது, பிரிப்பது, பெயர் சொல்வது ஒவ்வொன்றுக்கும் 16 மதிப்பெண், மொத்தம் 48.

நம் ஊர்க்காரர்கள் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த 40இல் ரூட் பியர், டில் ஊறுகாய், ஜிஞ்சர்பிரெட், லைலாக் பூ எல்லாம் வரும். வாழ்நாளில் ரூட் பியரைக் கண்ணால் பார்க்காத ஒருவர் அதில் தோற்றால் அது டெம்போரல் லோபின் குற்றம் இல்லை. இந்தியாவிலும் இங்கே பழகிய மணங்களை வைத்துச் சோதனைகள் செய்திருக்கிறார்கள், அவைதான் நமக்குப் பொருந்தும்.

ஃபிட்ஸுக்கு ஆபரேஷன் சொல்லியிருக்காங்க. வாசனையே போயிடுமா?

ஒரு பக்கம் மட்டும் செய்யும் ஆபரேஷனில் வாசனை முழுசாகப் போவதில்லை. கனடாவின் மான்ட்ரியல் நரம்பியல் நிலையத்தில் மர்லின் ஜோன்ஸ்-காட்மனும் ராபர்ட் ஸடோரேயும் 1980களின் இறுதியிலிருந்து ஆபரேஷன் ஆனவர்களைச் சோதித்தார்கள். டெம்போரல் லோபின் ஒரு பகுதியை எடுத்தவர்கள் வாசனைகளைப் பெயர் சொல்வதிலும் பிரிப்பதிலும் மற்றவர்களைவிடப் பின்தங்கினார்கள். ஆபரேஷனுக்கு முன்பே இந்தக் குறை ஓரளவு இருக்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். (இதே நிலையத்தில் நரம்பு அறுவை நிபுணர் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயிற்சி பெற்றுத் திரும்பிய ஜேக்கப் சாண்டிதான் 1949இல் வேலூர் சிஎம்சியில் இந்தியாவின் முதல் நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கினார்.)

இரண்டு பக்கமும் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹென்றி மொலைசன் சாட்சி. ஆராய்ச்சி உலகில் எச்.எம். என்றே பெயர். 1953இல் அமெரிக்காவில் வலிப்புக்காக இரு பக்க டெம்போரல் லோபின் உட்பகுதியையும் எடுத்தார்கள். புதிய நினைவு எதுவும் பதியாமல் போனது எல்லோருக்கும் தெரியும். 1983இல் வெளியான மோப்பச் சோதனை பலருக்குத் தெரியாது. பாட்டிலில் வாசனை இருக்கிறதா, வெறும் தண்ணீரா என்று சரியாகச் சொன்னார். எது தூக்கல், எது மட்டு என்றும் சொன்னார். இரண்டும் ஒரே வாசனையா வேறு வேறா என்று கேட்டால் தடுமாறினார். பொருளைக் கண்ணால் பார்த்தாலோ கையால் தொட்டாலோ பெயர் வந்தது, மோந்தால் மட்டும் வரவில்லை. மேலே நான்காகப் பிரித்தேனே, அதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி இல்லை. இரு பக்கமும் எடுக்கும் அந்த ஆபரேஷனை இன்று யாரும் செய்வதில்லை.

வலது பக்க ஆபரேஷன்னா வலது மூக்குதானே பாதிக்கும்? கை கால் மாதிரி மாறி வராதா?

சரியாகப் பிடித்தீர்கள். கை கால் நரம்புகள் எதிர்ப்பக்கம் கடக்கும், வாசனை பெரும்பாலும் அதே பக்கம் போகும். டெம்போரல் ஆபரேஷனுக்குப் பிறகு எடுத்த பக்கத்து நாசியில்தான் குறை தெரிகிறது. அதனால்தான் நல்ல ஆய்வுகள் ஒரு நாசியை அடைத்துவிட்டு மற்றதைச் சோதிக்கின்றன. வலது ஆர்பிட்டோஃப்ரண்டல் பகுதி மட்டும் விதிவிலக்கு. அது பாதித்தால் இரு நாசியிலும் பிரித்தறிவது கெடுகிறது.

வாசனைப் பகுதியை எடுத்தா ஃபிட்ஸ் நல்லா நிக்கும்னு ஒருத்தர் சொன்னார். அதெப்படி?

1985இல் பிரெட்டா, கேல் என்ற ஆய்வாளர்கள் எலிகளில் பிரிஃபார்ம் கார்டெக்ஸின் ஆழத்தில் ஒரு துளி இடத்தைக் கண்டார்கள். அங்கே வலிப்பைத் தூண்டும் மருந்தை மிகச் சிறிதளவு வைத்தாலே பெரிய வலிப்பு கிளம்பியது. 'ஏரியா டெம்பெஸ்டாஸ்', அதாவது புயல் பகுதி என்று பெயர் வைத்தார்கள். 2019இல் லண்டன் குழு ஒன்று ஆபரேஷன் ஆனவர்களின் ஸ்கேன்களை அளந்தது. பிரிஃபார்ம் கார்டெக்ஸில் பாதியாவது எடுக்கப்பட்டவர்களுக்கு வலிப்பு நின்றுபோகும் வாய்ப்பு பல மடங்கு கூடுதலாக இருந்தது. ஹிப்போகாம்பஸை எவ்வளவு எடுத்தார்கள் என்பதில் அத்தகைய தொடர்பு தெரியவில்லை. முடிந்த ஆபரேஷன்களைத் திரும்பிப் பார்த்த ஆய்வு இது, அதனால் இதை மட்டும் வைத்து உங்கள் சர்ஜனிடம் வாதாட வேண்டாம். கேள்வியாகக் கேட்கலாம்.

ஃபிட்ஸ் வரும்போது செருப்பு, வெங்காயம் மோக்க வைக்கலாமா? எங்க பாட்டி காலத்துலேர்ந்து பண்றோம்.

வேண்டாம். பெரும்பாலான ஃபிட்ஸ் ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாக நிற்கும். செருப்பைத் தேடி எடுத்து வந்து மூக்கில் வைப்பதற்கும் அது நிற்பதற்கும் நேரம் சரியாக இருக்கும், பெருமை செருப்புக்குப் போய்விடும். சாவிக்கொத்துக்கும் இதே கதைதான். செருப்பு வாசனைக்கு அறிவியல் விளக்கம் தேடி 2008இல் இந்தியாவிலிருந்து ஒரு கட்டுரைகூட வந்தது. அது ஊகம், சோதித்துக் காட்டியது இல்லை.

மூச்சுவிடத் திணறும் ஒருவரின் மூக்கை அடைப்பது ஆபத்து. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

ஆனா மல்லிகை வாசனையில ஃபிட்ஸ் நின்னதா நானே படிச்சிருக்கேனே?

படித்தது சரிதான். ராபர்ட் எஃப்ரான் என்ற மருத்துவர் 1956, 1957இல் வெளியிட்டது. மேடைப் பாடகி ஒருவருக்கு அன்சினேட் ஃபிட்ஸ். ஆரா ஆரம்பித்ததும் கடுமையான ஒரு வாசனையை மோந்தால் வலிப்பு பரவாமல் நின்றது. அப்புறம் மல்லிகைத் தைலத்தை மோக்கும்போதெல்லாம் கையில் உள்ள ஒரு வளையத்தை உற்றுப் பார்க்கப் பழக்கினார். நாளடைவில் வளையத்தைப் பார்த்தாலே போதும் என்றாயிற்று, கடைசியில் அதை நினைத்தாலே போதும் என்றாயிற்று.

அழகான ஆய்வு, எனக்குப் பிடித்தமானதும்கூட. ஆனால் ஒரே ஒரு நோயாளி. அவருக்கு ஆரா மெதுவாக வரும், மோந்து பார்க்க நேரம் கிடைத்தது. நினைவு தப்பி விழுந்துவிட்டவருக்கு மல்லிகையும் ஒன்றுதான், செருப்பும் ஒன்றுதான்.

சூடம், யூகலிப்டஸ் தைலம் எல்லாம் ஃபிட்ஸ் வரவழைக்குமா? வீட்ல தினமும் தலைக்குத் தேய்க்கிறோம்.

இதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். 1934இல் புடாபெஸ்டில் லாடிஸ்லாஸ் மெடுனா என்ற மனநல மருத்துவர், வேண்டுமென்றே வலிப்பை வரவழைத்துச் சிகிச்சை செய்யப் பார்த்தபோது முதலில் ஊசியில் போட்டது எண்ணெயில் கரைத்த சூடத்தைத்தான். குழந்தைகள் சூடக்கட்டியை வாயில் போட்டு வலிப்பு வந்து ஆஸ்பத்திரிக்கு வருவது நம் ஊர் டாக்டர்களுக்குப் புதிதில்லை.

பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் சூடமும் யூகலிப்டஸும் உள்ள தைலங்கள், வலிநிவாரணிகளைப் பயன்படுத்தியபின் வலிப்பு வந்த பெரியவர்களைத் தொடர்ந்து பதிவு செய்திருக்கிறார்கள். தேய்த்தவர்கள், ஆவி பிடித்தவர்கள், விழுங்கியவர்கள் எல்லோரும் அதில் உண்டு. இங்கே வில்லன் வாசனை இல்லை, உடம்புக்குள் போகும் ரசாயனம். பூ, ஊதுபத்தி என்று எல்லா மணத்துக்கும் பயப்பட வேண்டாம். தலைவலித் தைலத்தின் டப்பாவைத் திருப்பி என்ன கலந்திருக்கிறது என்று படியுங்கள், டாக்டரிடமும் சொல்லுங்கள். பலர் தைலத்தை மருந்துக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

மாத்திரை மாத்தினதுலேர்ந்து சோடா சப்புன்னு இருக்கு. வாசனை போயிடுச்சா?

டோபிரமேட்டா? அப்படியென்றால் அது மாத்திரையின் வேலை. சோடாவின் சுறுசுறுப்பை உணரத் தேவையான கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதியை அது தடுக்கிறது. மூக்கில் கோளாறு இல்லை.

இவ்வளவு ஆராய்ச்சி இருந்தும் எங்க டாக்டர் ஏன் மூக்கை டெஸ்ட் பண்றதில்ல?

டெஸ்ட் செய்து கிடைக்கும் விடையால் சிகிச்சை மாறுவதில்லை என்பதுதான் முதல் காரணம். இரண்டாவது, ஆய்வுகளின் பலவீனம். பெரும்பாலானவற்றில் சில பத்துப் பேர்தான். அவர்களும் மாத்திரைக்கு அடங்காமல் ஆபரேஷனுக்கு வந்தவர்கள். மாத்திரையில் நன்றாக இருக்கும் பெரும்பான்மையினர் அதில் இல்லை. புகைப்பழக்கம், சைனஸ், வயது, மனச்சோர்வு எல்லாமே மோப்பத்தைக் குறைக்கும், எல்லா ஆய்வும் இவற்றைச் சரியாகக் கழிப்பதில்லை. இடது டெம்போரல் வலிப்பு உள்ளவர்களுக்குச் சாதாரணப் பொருள்களின் பெயரே சட்டென்று வராது. அவர்கள் வாசனைக்குப் பெயர் சொல்லத் தவறினால் அது மூக்கா, மொழியா?

எனக்கு ஆராவே கேஸ் நாத்தம்தான். சமையக்கட்டுல நிஜமாவே கேஸ் லீக் ஆனா எப்படித் தெரிஞ்சுக்கிறது?

நிஜம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு முறையும். சிலிண்டர் கேஸுக்குச் சொந்த வாசனை கிடையாது. கசிவு தெரியட்டும் என்றுதான் மெர்காப்டன் கலக்கிறார்கள், அதை உணரும் திறன் உங்களுக்கு இருக்கும் என்பதை மேலே பார்த்தோம். ரெகுலேட்டரை அணையுங்கள், ஜன்னலைத் திறங்கள், லைட் ஸ்விட்சைத் தொடாதீர்கள், வெளியே வந்து வீட்டில் வேறு யாரையாவது மோந்து பார்க்கச் சொல்லுங்கள். ஆராவாக இருந்தாலும் நஷ்டமில்லை, அடுப்பிலிருந்து விலகி இருப்பீர்கள். தனியாகச் சமைப்பவராக இருந்தால் ஒரு கேஸ் டிடெக்டர் வாங்கி மாட்டுங்கள். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, அதனால் அதைத் தரையை ஒட்டிப் பொருத்த வேண்டும்.